புழுதித் தடமும் பொதுச்சாலையும்



பெருநாளுக்கு மறுநாள் நம் பகுதி இளைஞர்கள் இருபது பேர் ஊருக்கு வெளியே உள்ள ஒரு மோட்டோகிராஸ் தடத்துக்குச் சென்று, நாள் முழுவதும் ஏ.டி.வி. என்னும் நான்கு சக்கர வண்டிகளை ஓட்டிவிட்டு வந்தார்கள். அவர்களுள் பதினொரு பேர் என்னிடம் ஓதுகிறவர்கள். நானும் உடன் சென்றேன். செய்தி பரவிய மூன்றாம் நாள் ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கியது. மதரஸா மாணவர்களை இத்தகைய கேளிக்கைக்கு அழைத்துச் சென்றது வீண்விரயம், மாற்றாருக்கு ஒப்பாகுதல், உயிரை அழிவில் தள்ளுதல் ஆகிய மூன்றையும் ஒருசேரச் செய்ததாகும் என்பது அதன் சாரம். பேசியவர் என்னினும் மூத்த ஆலிம். அவருடைய கல்வியை மதிக்கிறேன். இந்தத் தீர்ப்பை மறுக்கிறேன். நேரில் பேசித் தீர்த்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். குற்றச்சாட்டு பொதுவில் வந்துவிட்டது; அதைக் கேட்ட மாணவர்கள் வகுப்பில் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பதிலும் பொதுவில்தான் வர வேண்டும்.

ஆலிம்கள் நன்கறிந்த ஒரு ஹதீஸிலிருந்து தொடங்குகிறேன். புகாரியிலும் முஸ்லிமிலும் இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக வருவது அது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குதிரைகளுக்கிடையே பந்தயம் நடத்தினார்கள். உடல் இறுக்கிப் பழக்கப்படுத்தப்பட்ட குதிரைகளுக்கு அல்ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். அவ்வாறு பழக்கப்படுத்தப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே. முதல் தொலைவு ஐந்து அல்லது ஆறு மைல், இரண்டாவது ஒரு மைல் என்று சுஃப்யான் (ரஹ்) விளக்குகிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களே அப்பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். தாம் முந்தி வந்ததாகவும், குதிரை தம்மைச் சுமந்தபடி பள்ளிவாசலின் எல்லையைத் தாவிக் கடந்ததாகவும் முஸ்லிமின் ஓர் அறிவிப்பில் அவர்களே சொல்கிறார்கள்.

ஒரு பள்ளிவாசலை ஒரு குலத்தாரின் பெயரால் அழைக்கலாமா என்ற தலைப்பின் கீழ் இமாம் புகாரி (ரஹ்) இந்த ஹதீஸைத் தொழுகைப் பாடத்தில் கொண்டுவருகிறார்கள். நம் மதரஸாக்களில் அந்தச் சட்டத்தை விளக்கிவிட்டு அடுத்த ஹதீஸுக்குப் போய்விடுகிறோம். குதிரைகள் அங்கே ஓடிக்கொண்டே இருக்கின்றன. நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் தெரிவது என்ன? வேகத்தின் மீது இளைஞனுக்கு உள்ள நாட்டம் அங்கே கண்டிக்கப்படவில்லை. அதற்குத் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு பாதை தரப்பட்டிருக்கிறது. அதனினும் நுட்பமானது, பழகியதற்கு ஒரு தொலைவும் பழகாததற்கு வேறொரு தொலைவும் என்று பிரித்து வைத்திருப்பது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பு குதிரைக்குக் காட்டப்பட்ட இந்தக் கரிசனத்தை இன்று நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டுகிறோமா என்பதே என் கேள்வி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

மாற்றாருக்கு ஒப்பாகுதல் என்ற குற்றச்சாட்டை நீட்டிப் பேச விரும்பவில்லை. மோட்டோகிராஸ் இங்கிலாந்தில் பிறந்தது உண்மைதான். 1924இல் கேம்பர்லி என்னுமிடத்தில் நடந்த கரடுமுரடான தரைப் பந்தயத்தை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அகழ் வெட்டும் போர்முறை பாரசீகர்களுடையது. ஸல்மான் (ரலி) அவர்கள் சொன்னபோது அது ஏற்கப்பட்டது. முத்திரையற்ற கடிதங்களை அந்நாட்டு மன்னர்கள் படிப்பதில்லை என்று கூறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் முத்திரை மோதிரம் செய்துகொண்டார்கள். பிற சமயத்தாரின் வழிபாட்டு அடையாளங்களுக்கு ஒப்பாவது வேறு. உலகக் கருவி ஒன்றைக் கையாள்வது வேறு. இதை ஃபிக்ஹின் முதல் ஆண்டு மாணவனும் அறிவான். 2020 முதல் டக்கார் பேரணியே சவூதி அரேபியாவின் பாலைவனத்தில்தான் நடக்கிறது என்று ஒரு மாணவன் எனக்கு ஆதரவாக எடுத்துச் சொன்னான். சவூதியில் நடப்பது மார்க்க ஆதாரம் ஆகாது என்று அவனையும் திருத்தினேன். ஆதாரம் நமக்கு வேறிடத்தில் இருக்கிறது. குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாகக் கூறும் இறைவன், நீங்கள் அறியாதவற்றையும் படைப்பதாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் எட்டாம் வசனத்தில் உணர்த்துகிறான். ஊர்திகளைப் பற்றிய பேச்சின் நடுவே அது வருவதை விரிவுரையாளர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

வீண்விரயத்துக்கு வருவோம். தடத்துக்கான கட்டணம், தலைக்கவசம், மார்புக்கவசம், கையுறை ஆகியவற்றின் வாடகை, பேருந்து, மதிய உணவு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஆன செலவு, நம் ஊரில் ஒரு திருமண மேடையின் ஒரு முழ நீளப் பூ அலங்காரத்துக்கு ஆகும் செலவை எட்டாது. அந்த மேடைகளில் அமர்ந்து துஆ ஓதுகிறோம். எழுந்து வரும்போது இலையில் பாதி பிரியாணி கிடக்கிறது. அங்கே இஸ்ராஃப் பற்றி நாம் பேசிய குரல்பதிவு எதுவும் எந்தக் குழுவிலும் சுற்றியதாக நினைவில்லை. மாணவர்கள் ரமலான் முழுவதும் சேர்த்த பெருநாள் காசில் போனார்கள். கடன் வாங்கியவர் இல்லை. ஸகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கப்படவில்லை. அளவு மீறுவதே விரயம். மகிழ்ச்சி கொள்வதை விரயம் என்று எவரும் தீர்ப்பளித்ததில்லை. பெருநாள் அன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட, ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை நின்று பார்க்க நபி (ஸல்) அவர்கள் இடம் கொடுத்தார்கள் அல்லவா?

மூன்றாவது குற்றச்சாட்டில் மட்டும் எடை இருக்கிறது. உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். ஏ.டி.வி. என்பது விளையாட்டுப் பொருள் அன்று. பெரியவர்களுக்கான ஒரு வண்டி இருநூறு கிலோவை நெருங்கும். சில அதையும் தாண்டும். நான்கு சக்கரம் இருப்பதால் கவிழாது என்று எண்ணுவது பெரும் பிழை. புவியீர்ப்பு மையம் உயரம், அகலம் குறைவு. பல வண்டிகளில் பின் அச்சு ஒரே தண்டாக இருப்பதால் இரு பின்சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. வளைவில் வண்டி நேராகவே ஓட முயலும். ஓட்டுகிறவன் தன் உடலை உட்பக்கமாகச் சாய்த்து, உட்சக்கரத்தின் மீதுள்ள பாரத்தைத் தளர்த்தித்தான் அதைத் திருப்ப வேண்டும். கார் ஓட்டத் தெரிந்தவனுக்கும் பைக் ஓட்டத் தெரிந்தவனுக்கும் இது புதிது. சொல்லப்போனால் பைக் பழகியவனுக்கே ஆபத்து அதிகம்: வண்டி சாயும்போது பழக்கத்தால் காலைத் தரையில் ஊன்றுவான், பின்சக்கரம் அந்தக் காலின் மீது ஏறிவிடும்.

இந்த வண்டியின் வரலாறும் எச்சரிக்கை நிறைந்தது. 1970இல் ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கர வண்டியாக இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவை கவிழ்ந்து ஏராளமானோர், குறிப்பாகப் பிள்ளைகள், மாண்டதும் முடமானதும் வழக்காக எழுந்து, 1988இல் அமெரிக்காவில் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்த உற்பத்தியாளர்கள் உடன்பட வேண்டியதாயிற்று. 16 வயது நிரம்பாத எவரும் ஏ.டி.வி. ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நெடுநாளைய அறிவுரை.

அதனால்தான் ஹிஃப்ழு பிரிவின் சிறுவர்களை நான் அழைத்துச் செல்லவில்லை. பன்னிரண்டு வயது, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அழுதார்கள். "நாங்களே கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் ஹஜ்ரத்" என்று பெற்றோர் இருவர் வந்தும் கேட்டார்கள். பெற்றோரின் கையெழுத்து எலும்பை வலுவாக்காது என்று சொல்லி அனுப்பினேன். கண்டிக்க வேண்டுமானால் இங்கே கண்டித்திருக்கலாம். சுற்றுலாத் தலங்களில் மணலில் ஓடும் இவ்வண்டிகளில், ஒருவருக்கான இருக்கையில் தந்தை அமர்ந்து, முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு குழந்தை, தலையில் எதுவுமின்றி, ஒரு கையில் கைப்பேசியோடு ஓட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓட்டுகிறவர் உடலை நகர்த்தித் திருப்ப வேண்டிய ஊர்தி இது. பின்னால் ஓர் ஆள் பற்றிக்கொண்டால் அந்த அசைவே முடியாது. ஒருவருக்கான வண்டியில் இருவர் ஏறக் கூடாது என்று அதன் மீதே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அந்தத் தந்தையைப் பற்றிக் குரல்பதிவு ஒன்று வந்தால் முதலில் பரப்புகிறவன் நானாக இருப்பேன்.

தடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். போனவுடன் எவருக்கும் வண்டி கொடுக்கப்படவில்லை. பயிற்றுநர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்ற வண்டியிலேயே பாடம் நடத்தினார். வலப்பிடியின் கீழ் இருக்கும் பெருவிரல் விசையை எப்படி மெல்ல அழுத்துவது, மணிக்கட்டில் கட்டிய கயிறு வண்டியிலிருந்து கழன்றால் இயந்திரம் எப்படி நின்றுவிடும், மேட்டில் ஏறும்போது கால்தாங்கியில் எழுந்து முழங்காலை மடக்கி நிற்பது எப்படி, மஞ்சள் கொடி அசைந்தால் மேட்டிலிருந்து தாவக் கூடாது, சிவப்புக் கொடி கண்டால் நின்றுவிட வேண்டும். மேட்டின் மறுபுறம் விழுந்து கிடப்பவனை ஏறி வருகிறவன் பார்க்க முடியாது. அவனுக்காகப் பார்ப்பவர் அந்தக் கொடிக்காரர். பிறகு சமதளத்தில் முட்டை வடிவ வட்டத்தில் மட்டும் ஓட்டம். அதில் தேறிய ஆறு பேரை மட்டுமே மேடும் பள்ளமும் நிறைந்த பெருந்தடத்துக்கு அனுமதித்தார்கள். மற்றவர்கள் மாலைவரை சிறு வட்டத்திலேயே சுற்றினார்கள். நான் அந்தச் சிறு வட்டத்தைச் சேர்ந்தவன். பழகியதற்கு ஒரு தொலைவு, பழகாததற்கு ஒரு தொலைவு. மாணவர்களுக்கு அந்த ஹதீஸை அங்கேயே நினைவூட்டினேன். வகுப்பில் எட்டு முறை சொல்லியும் பதியாதது அன்று பதிந்தது.

பாடத்தில் எப்போதும் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமரும் ஒரு மாணவன் இருக்கிறான். வளைவில் உடலைச் சாய்க்கும் கலை முதலில் அவனுக்குத்தான் பிடிபட்டது. மதியத்துக்குள் மற்றவர்கள் அவனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தலைக்கவசத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுடன் வந்த ஓர் இளைஞர், தொப்பியின் மேல் அது சரியாக அமரவில்லை என்று கழற்றி வைத்துவிட்டு, "விதித்தது தானே நடக்கும்" என்றார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததாகத் திர்மிதியில் வரும் செய்தியை அறியாத முஸ்லிம் இருக்க முடியாது. நாம் கட்டுவதை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பாதியைத் தவக்குல் என்று அழைக்கிறோம். தொப்பியைக் கழற்றிப் பையில் வையுங்கள் என்றேன், தலைக்கவசத்தோடு ஓட்டினார்.

இனி, நான் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்பதற்கான காரணம். சில ரமலான்களுக்கு முன்பு, எங்கள் பகுதியில் பதினேழு வயது மகன் ஒருவனின் ஜனாஸாவை நாங்கள் சுமந்தோம். தராவீஹ் முடிந்து ஸஹருக்கு இடைப்பட்ட நேரத்தில், மூன்று நண்பர்கள், இரண்டு பைக்குகள், ஆளரவமற்ற நெடுஞ்சாலை. ஒரு கையை விட்டு ஓட்டுவதும் முன்சக்கரத்தைத் தூக்குவதும் அந்த இரவுகளின் வழக்கம். இது நம் ஊரின் நோய் மட்டுமன்று. தில்லியில் ஷபே பராத் இரவில் பைக் சாகசம் செய்யும் நம் பிள்ளைகளைத் தடுக்க ஆண்டுதோறும் காவல்துறை தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. பாவமன்னிப்புக் கேட்க வேண்டிய இரவில்! அந்த மகனின் அடக்கத்தின்போது அஜல் பற்றிப் பேசினோம். அவனுக்கு அந்த பைக்கை வாங்கிக் கொடுத்தது யார் என்று எவரும் பேசவில்லை. பேசும் இடம் அதுவன்று என்பது சரி. அடுத்த ஜும்ஆவிலாவது பேசியிருக்கலாம். அதற்கடுத்த ஜும்ஆவிலும் பேசவில்லை. உரிமம் பெறாத சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலருக்கும் வண்டி உரிமையாளருக்கும் மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. மார்க்கம் அதற்கு முன்பே சொல்லிவிட்டது: தானும் தீங்குறக் கூடாது, பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது. பொதுச்சாலையில் சாகசம் செய்கிறவன் தன் உயிரோடு, தஹஜ்ஜுதுக்கு எழுந்து பால் வாங்கப் போகும் முதியவரின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறான்.

புழுதித் தடத்தில் எதிரே லாரி வராது. முதியவர் குறுக்கே வரமாட்டார். விழுந்தால் மண். அப்படியும் காயம் நேரும், சில நேரம் பெருங்காயமே நேரும், மறைக்கவில்லை. ஆனால் வேகம் வேண்டும் என்ற ஆசை பதினெட்டு வயதில் இருக்கிறது. ஃபத்வா கொடுத்து அதை அணைக்க முடியாது. தடத்தை மூடச் சொல்கிற ஹஜ்ரத், அவர்களைச் சாலைக்கு அனுப்புகிறார் என்பதை அறிந்துதான் சொல்கிறாரா? நம் மார்க்கம் வேண்டாம் வேண்டாம் என்ற ஒற்றைச் சொல்லாக ஓர் இளைஞனின் காதில் விழுந்துகொண்டே இருந்தால், ஒரு நாள் வேண்டும் என்று நாம் சொல்வதும் அவனுக்குக் கேட்காமல் போகும்.

தடம் ஆகுமானது என்றால் அங்கே நடக்கும் யாவும் ஆகுமானது என்று பொருளில்லை. பேருந்திலேயே ஒரு பேச்சு எழுந்தது: "தோற்றவன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கணும்." சிரித்துக்கொண்டே சொன்னார்கள், நான் சிரிக்கவில்லை. போட்டியிடுகிறவர்கள் ஒவ்வொருவரும் இழப்புக்கு ஆளாகும்படி வைக்கும் பணயம் சூதாட்டம். பிரியாணியாக இருந்தாலும் அதுவே. பரிசுப் பணயம் ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றில் வந்திருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் யானை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றுக்கும் விரித்திருக்கிறார்கள். ஏ.டி.வி.யை அந்தப் பட்டியலில் ஏற்றும் துணிவு எனக்கில்லை. பணயமின்றி ஓட்டுங்கள் என்றேன். பிரியாணியை எல்லோரும் அவரவர் காசில் உண்டோம்.

தொழுகை விஷயத்தில் அதைவிடக் கண்டிப்பு தேவை. தடம் எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். பயணியின் சலுகை ஏறத்தாழ எண்பது கிலோமீட்டருக்கு மேல்தான் என்பதால் சேர்த்துத் தொழவும் சுருக்கித் தொழவும் இடமில்லை. ளுஹருக்கு எல்லா வண்டிகளையும் நிறுத்தச் சொல்லி முன்பே பேசிவைத்திருந்தோம். டிரம்மில் நிரப்பியிருந்த நீரில் உளூச் செய்தோம். மூக்கிலிருந்து செம்மண் வந்தது. புழுதி நஜீஸ் அல்ல, வியர்வையும் அல்ல. ஆடை அழுக்காகிவிட்டது, வீட்டுக்குப் போய்க் களாச் செய்துகொள்கிறேன் என்று எவரும் சொல்ல இடமில்லை. டயர் அடுக்குகளின் அருகே பாங்கு சொன்னவன் அந்தக் கடைசி வரிசை மாணவன். அஸரும் அங்கேயே ஜமாஅத்தாக நடந்தது.

பெண் பிள்ளைகள் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று குரல்பதிவின் முடிவில் ஒரு கிண்டல் இருந்தது. ஒட்டகம் ஏறும் பெண்களுள் சிறந்தவர்கள் எனக் குறைஷிப் பெண்களை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்தது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தனி நேரம், மூடிய தடம், பெண் துணைகள், சக்கரத்தில் சிக்காதபடி இறுக்கிக் கட்டிய ஆடை: இவை அமைந்தால் மறுக்க எனக்கு ஆதாரம் தெரியவில்லை. தெரிந்தவர் எடுத்துக் காட்டட்டும். பெண்கள் அமர்ந்த ஒட்டகங்களைப் பாட்டுப் பாடி விரட்டிய அன்ஜஷா (ரலி) அவர்களிடம், அவர்களைக் கண்ணாடிக் குப்பிகளுக்கு ஒப்பிட்டு மெதுவாகப் போகச் சொன்னார்கள் அண்ணலார். இறங்கச் சொல்லவில்லை.

மூத்த ஹஜ்ரத் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வரும் ரமலானில் ஏதேனும் ஓர் இரவு, தராவீஹ் தொடங்கும் முன் பள்ளிவாசல் வாசலில் சற்று நில்லுங்கள். வரிசையாக நிற்கும் பைக்குகளை எண்ணுங்கள். அவற்றில் வந்திறங்கும் பிள்ளைகளின் வயதைக் கேளுங்கள். உரிமம் இருக்கிறதா, தலைக்கவசம் எங்கே, தொழுகை முடிந்து எங்கே போவார்கள் என்று கேளுங்கள். பிறகு அவர்களின் தந்தையரை முதல் ஸஃப்பில் தேடிக் கண்டுபிடித்து, அதே கேள்விகளை அவர்களிடமும் கேளுங்கள். அன்றிரவு தாங்கள் பதிவு செய்யும் குரலை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.